கிளியைச் சாட்சி வைத்தவன்

மைக்கேலுக்கு முதன்முதலில் வந்த பேச்சு "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்பதுதான். மைக்கேல் ஒரு பச்சைக்கிளி. எங்கள் ஹவுஸ் ஓனர் சவரியம்மாள் வளர்த்தது. ஒரகடம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்த பனந்தோப்பை மனை போடுவதற்காக ஜேசிபி வைத்துச் சாய்த்தபோது, ஒரு மொட்டைப் பனையின் பொந்திலிருந்து விழுந்த குஞ்சு. மைக்கேல் என்பது பங்குச் சாமியாரின் பெயர். அவருக்கு இன்றுவரை விஷயம் தெரியாது.

சவரியம்மாளுக்கு வரிசையாக ஆறு ரூம். எல்லாவற்றிலும் கம்பெனிப் பையன்கள். முன்னால் கிரில் போட்ட வராந்தா. தினமும் சாயங்காலம் அங்கே ஜெபமாலையும், அது முடிந்ததும் மாதா பிரார்த்தனையும் நடக்கும். சவரியம்மாள் முன்வரியை இழுத்துச் சொல்லி நிறுத்துவார். அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் ஒரே குரலில் பதில் சொல்வார்கள். பிரார்த்தனை முடிவதற்குள் அந்த ஒரே பதில் ஐம்பது தடவை வரும். கூண்டு அவர்கள் தலைக்கு மேலேதான் தொங்கியது. மூன்று மாதத்தில் கிளி பதிலைப் பிடித்துக்கொண்டது. முன்வரி ஒன்றுகூட அதற்கு வரவில்லை. அதனால் யார் எதை இழுத்துச் சொல்லி நிறுத்தினாலும் அது பதில் கொடுக்கும். கீரைக்காரி வாசலில் நின்று "அரக்கீரை, முருங்கக்கீரை" என்று நிறுத்தினால் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று கூண்டிலிருந்து வரும்.

சவரியம்மாள் கிளி விஷயத்தில் கரை கண்டவர். "கய்த்துல ஆரம் வுழுந்துச்சுன்னா ஆம்பள. ஆம்பளதான் நல்லா பேசும். பக்கத்துல இன்னொரு கிளிய மட்டும் வுட்டுடக் கூடாது தம்பி. அப்பால அது கிளி பாஷதான் பேசும், நம்மள மறந்துடும்" என்பார். இன்னொன்றும் சொல்வார். கத்திச் சொன்னால் கிளிக்கு ஏறாதாம். ஆசையாகவோ கோபமாகவோ, மனசிலிருந்து எதைச் சொல்கிறோமோ அதைத்தான் பிடித்துக்கொள்ளுமாம். நான் அப்போது சிரித்தேன்.

நான் அருள்பாண்டி, கோவில்பட்டிப் பக்கம். என் ரூம்மேட் இசக்கிதுரை நாங்குநேரிப் பக்கம். இரண்டு பேரும் ஒரு கார் பாகம் செய்யும் கம்பெனியில், தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் கான்ட்ராக்ட். பக்கத்துப் பக்கத்து மிஷின். ஒரே பஸ், ஒரே ஷிஃப்ட், ஒரே சோறு. அவன் மீன் குழம்பு வைப்பான், நான் பாத்திரம் கழுவுவேன். கல்யாணம் ஆனவர்கள்கூட இவ்வளவு ஒற்றுமையாக இருக்கமாட்டார்கள் என்று சவரியம்மாள் கேலி செய்வார்.

பிரஸ் மிஷினுக்கு முன்னால் ஒரு சென்சார் உண்டு. கை உள்ளே போனால் மிஷின் தானாக நின்றுவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பழைய மிஷின்களில் தகடு கொஞ்சம் துள்ளினாலே சென்சார் நிறுத்திவிடும். நின்றால் கவுன்ட் குறையும். கவுன்ட் குறைந்தால் சூப்பர்வைசர் முனிரத்தினத்துக்கு மேலேயிருந்து திட்டு விழும். சென்சாரை நிறுத்திவைக்கும் சாவி அவர் இடுப்பில்தான் இருக்கும். வந்து திருப்பிவிட்டு, "ஆஃப் பண்ணிக்கினு ஓட்டு. நான் பாத்துக்கறேன்" என்பார். இதை நாங்கள் வாரத்தில் நாலு நாள் கேட்டோம். அவர் சொல்லும் மாதிரியே சொல்லிக்காட்டி டீ பிரேக்கில் சிரிப்போம். நான்தான் அச்சு அசலாகச் சொல்வேன்.

ஜனவரியில், பொங்கல் லீவு முடிந்து வந்த முதல் நாள், காலை ஷிஃப்ட்டில், பத்தேகாலுக்கு இசக்கிதுரையின் வலது கையில் மூன்று விரல் போனது. அதற்கு அரைமணி நேரத்துக்கு முன்னால் முனிரத்தினம் வந்து சாவியைத் திருப்பியதை நான் பார்த்தேன். அவர் சொன்னதைக் கேட்டேன். இடையில் மூன்றடி தூரம்கூட இல்லை.

முனிரத்தினத்தைக் கெட்டவர் என்று சொல்லி முடித்துவிட்டால் எனக்கு வேலை சுலபம். ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்து கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதவரும் அவர்தான். மறுநாள் ரிப்போர்ட்டில் "மேசையில் இருந்த சாவியை ஆபரேட்டர் தானாக எடுத்து இயக்கினார்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். அவருக்கும் இரண்டு பெண்பிள்ளைகள் இருந்தார்கள். யாருக்குத்தான் இல்லை.

கம்பெனி விசாரணை வைத்தது. லைனில் இருந்த எல்லோரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். எல்லோரும் "நான் பாக்கல சார்" என்றார்கள். நானும் அதையே சொன்னேன். நாலு வருஷம் கான்ட்ராக்டில் இருந்தவன் நான். பெர்மனன்ட் ஆக்கும் லிஸ்ட்டில் என் பெயர் வந்திருப்பதாகப் பேச்சு. அப்போது எனக்கு உலகத்தில் வேறு எதுவும் பெரிதாகத் தெரியவில்லை.

இசக்கிதுரை கட்டுப்போட்ட கையோடு ரூமுக்கு வந்தான். ஒரு வாரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஒரு நாள் சாப்பிடும்போது, நான் சோற்றைப் பிசைந்து அவன் தட்டில் வைத்துக்கொண்டிருந்தேன், அப்போது கேட்டான்.

"ஏல அருளு, அவரு சொன்னது ஒங்காதுல விழுந்துச்சா இல்லியா?"

"விழுந்துச்சு."

"அத மட்டும் சொன்னா போதும்ல. வேற ஒண்ணும் வேண்டாம். அவங்க சொல்லித்தான் ஓட்டுனம்னு ஆச்சுன்னா டூல் ரூம்ல ஒக்காந்து பாக்குற வேலையாவது தருவாவ. என் தப்புன்னு முடிச்சிட்டாவன்னா கேட்டுக்குள்ளயே விடமாட்டாவ. இந்தக் கைய வச்சிக்கிட்டு நான் வேற எங்க போயி வேல கேப்பேன்?"

"விசாரணை இன்னும் முடியலல்லா. சொல்லுதேன்."

"சொல்லுவியா?"

"சொல்லுதேம்ல."

அவன் நம்பினான். எப்படிச் சொல்வது என்று நான் யோசித்தேன். அதாவது சொல்ல வேண்டும், ஆனால் நான் சொல்லியிருக்கக் கூடாது. பூனைக்கு மணி கட்ட வேண்டும், பூனை என்னைப் பார்க்கக் கூடாது. ஒரு கோழைக்கு இப்படித்தான் மூளை வேலை செய்யும். மற்ற விஷயங்களில் மந்தமாக இருந்தாலும் இதில் சுறுசுறுப்பாக இருக்கும்.

கம்பெனியில் ஒவ்வொரு ஷிஃப்ட் தொடங்கும்போதும் பாதுகாப்பு உறுதிமொழி எடுப்போம். ஒருவர் வரி வரியாக வாசிப்பார். ஒவ்வொரு வரியும் "என்று" என முடியும். நாங்கள் கையை நீட்டிக்கொண்டு "உறுதி கூறுகிறேன்" என்போம். ஆடிட் வரும்போது வெளிநாட்டுக்காரர்கள் முன்னால் தப்பில்லாமல் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தலைமை வாசிப்பு கொடுத்திருந்தார்கள். நான் வராந்தாவில் உட்கார்ந்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். ஒரு நாள், நான் வரியை இழுத்து "என்று" என நிறுத்தியதும், கூண்டிலிருந்து "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று வந்தது. அப்போதுதான் தோன்றியது.

பிப்ரவரி முழுக்க, மதிய ஷிஃப்ட் இருந்த வாரங்களில் காலை நேரத்திலும், காலை ஷிஃப்ட் வாரங்களில் ஜெபத்துக்கு முன்னாலும் கூண்டடியில் உட்கார்ந்தேன். பச்சை மிளகாயை உடைத்துக் கையில் வைத்துக்கொள்வேன். சாதாரண வரிகளுக்கு "உறுதி கூறுகிறேன்" பத்து நாளில் வந்துவிட்டது. சவரியம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. "என் மைக்கேலு கம்பெனி வேலைக்கே போவான் போலகீதே" என்றார்.

அவர் கடைக்குப் போகும் நேரம் பார்த்து இன்னொரு பாடம் நடத்தினேன். உறுதிமொழியின் மூன்றாவது வரி, "இயந்திரங்களின் பாதுகாப்புக் கருவிகளை ஒருபோதும் நிறுத்த மாட்டேன் என்று." அந்த வரிக்கு மட்டும் வேறு பதில். முனிரத்தினத்தின் குரலில், அவர் இழுக்கும் இழுப்பில், "ஆஃப் பண்ணிக்கினு ஓட்டு. நான் பாத்துக்கறேன்." அது எத்தனை நாளில் வந்தது என்று நினைக்கிறீர்கள்? ஆறே நாளில். மனசிலிருந்து சொன்னால்தான் ஏறும் என்று சவரியம்மாள் சொன்னது சரிதான். விசாரணை அறையில் வராத குரல் கூண்டின் முன்னால் அவ்வளவு உண்மையாக வந்தது. ஒரு நாள் சொல்லிக்கொடுக்கும்போதே கண்ணில் நீர் வந்துவிட்டது. கிளி தலையைச் சாய்த்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

நல்ல வரிகளை மட்டும் வீடியோ எடுத்து ஹெச்ஆரில் இருக்கும் பெனிஷாவுக்கு அனுப்பினேன். படப்பையிலிருந்து வரும் சின்னப்பெண். கம்பெனியில் எல்லோரையும் அண்ணா என்று கூப்பிடும் ஒரே ஆள்.

"அய்யோ, செம க்யூட்டா இருக்குண்ணா! மார்ச்ல சேஃப்டி வீக் வருதில்ல, ஸ்டேஜ்ல பண்ண வெச்சிரலாம். பிளான்ட் ஹெட்டுக்கு இந்த மாதிரிலாம் ரொம்பப் பிடிக்கும்."

வலையில் நானே மீனாகவும் இருக்கிறேன் என்று அப்போது தெரியவில்லை. அன்று ரூமுக்கு வந்து இசக்கிதுரையிடம், "சேஃப்டி வீக் அன்னைக்கு எல்லாம் சரியாயிரும், நீ பாரு" என்று மட்டும் சொன்னேன். அவனையும் விழாவுக்கு வரச்சொல்லியிருந்தார்கள். எதற்கு என்றால், விபத்தில் மாட்டியவர்களை மேடை ஏற்றி, "என் கவனக்குறைவால் வந்த வினை" என்று மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்ல வைப்பது எங்கள் கம்பெனி வழக்கம். பேச வேண்டியதை டைப் அடித்தே கொடுத்துவிடுவார்கள். அவன் அந்தப் பேப்பரை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தான்.

கேன்டீன் பக்கத்து மைதானத்தில் ஷாமியானா. நானூறு பேர். சவரியம்மாள் பூசைக்குக் கட்டும் பட்டுச்சேலையில் வந்திருந்தார். கூண்டின்மேல் தன் பழைய சேலையைப் போர்த்தி, மேடைக்கு வந்ததும் எடுத்தார். "பயந்துக்காத ராஜா, நான் கீறேன்" என்று கூண்டோடு பேசிக்கொண்டேயிருந்தார். பெனிஷா ஒரு மைக்கைக் கூண்டருகே வைத்துவிட்டு, இன்னொன்றில் முதல் வரியை வாசித்தாள். கிளி வாயே திறக்கவில்லை. எனக்கு ஒரு பக்கம் உயிர் போனது. இன்னொரு பக்கம், பேசாமலே போய்விட்டால் நல்லது என்றும் இருந்தது. இரண்டாவது வரி. "உறுதி கூறுகிறேன்" என்று ஸ்பீக்கரெல்லாம் அதிர வந்தது. விசில் பறந்தது. பிளான்ட் ஹெட் எழுந்து நின்று கைதட்டினார்.

மூன்றாவது வரியைப் பெனிஷா சிரித்துக்கொண்டே வாசித்தாள். "இயந்திரங்களின் பாதுகாப்புக் கருவிகளை ஒருபோதும் நிறுத்த மாட்டேன் என்று."

"ஆஃப் பண்ணிக்கினு ஓட்டு. நான் பாத்துக்கறேன்."

முனிரத்தினமே மைக்கில் பேசியது போல இருந்தது. பிரஸ் ஷாப் ஆட்கள் தொண்ணூறு பேரும் ஒரே நேரத்தில் முனிரத்தினத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ஒரு நொடியில் நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்புறம் சிரித்தார்கள். யார் முதலில் தொடங்கியது என்று தெரியாது. நானூறு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பிளான்ட் ஹெட் சிரித்தார். முனிரத்தினம் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். இத்தனை பேருக்கும் தெரிந்த உண்மையை அத்தனை பேரும் கேட்டுவிட்டு, கைதட்டி, அடுத்த நிகழ்ச்சிக்குப் போகத் தயாரானார்கள். என் கணக்கில் இது இல்லை. உண்மை வெளியே வந்தால் எல்லோரும் வாயடைத்துப் போவார்கள் என்று நினைத்திருந்தேன். கிளி சொன்னால் அது வேடிக்கைதான் என்பது ஒரு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

சிரிப்பு அடங்குவதற்குள் மூன்றாவது வரிசையிலிருந்து இசக்கிதுரை எழுந்தான். யாரும் கூப்பிடவில்லை. நேராக மேடைக்கு வந்து, பெனிஷா கையிலிருந்த மைக்கை இடது கையால் வாங்கினான்.

"சார், கிளி சொன்னது நெசம் சார். இதச் சொல்லித்தான் என்னய ஓட்டச் சொன்னாரு. அருளுக்குத் தெரியும். பக்கத்துல நின்னான். அவந்தான் கிளிக்குச் சொல்லிக்குடுத்தான். அவங்கிட்டயே கேளுங்க சார்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. பிளான்ட் ஹெட் என்னைப் பார்த்தார். மைக் கைமாறி, மேடையோரம் நின்றிருந்த என்னிடம் வந்தது. இசக்கிதுரை என்னைப் பார்த்துத் தலையாட்டினான், சொல்லு, சொல்லு என்று. அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. ஒரு வார்த்தை போதும். "ஆமா." அவ்வளவுதான்.

"சும்மா வெளையாட்டுக்குச் சொல்லிக்குடுத்தேன் சார்" என்றேன்.

மறுபடியும் சிரிப்பு. இந்தத் தடவை நிம்மதியான சிரிப்பு. "குட் ஹியூமர்" என்று பிளான்ட் ஹெட் சொன்னார். கிளிக்கு ஒரு ஷீல்டு கொடுத்தார்கள். அதை யார் வாங்குவது என்று தெரியாமல் சவரியம்மாள் வாங்கிக்கொண்டார்.

மத்தியானம் ஹெச்ஆர் மேனேஜர் ரூமுக்குக் கூப்பிட்டார்கள். வெள்ளைப் பேப்பரும் பேனாவும் கொடுத்தார்கள். யாரும் மிரட்டவில்லை. டீகூட வந்தது. "நடந்ததை நீங்களே எழுதிடுங்க, நாங்க வாசகம் மட்டும் ஹெல்ப் பண்றோம்" என்றார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதினேன். சூப்பர்வைசர் மீது பழி போடும் நோக்கத்துடன் இசக்கிதுரை கேட்டுக்கொண்டதன் பேரில் கிளிக்கு மேற்படி வாசகத்தைப் பயிற்றுவித்தேன். விபத்து நாளன்று அப்படி எந்த உத்தரவும் என் காதில் விழவில்லை. "பயிற்றுவித்தேன்" என்று எழுத எனக்கு வரவில்லை. மேனேஜர் பக்கத்தில் வந்து எழுத்து எழுத்தாகச் சொல்லிக்கொடுத்தார். கையெழுத்துப் போட்டேன். பெனிஷா மூலையில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அவள் என்னை அண்ணா என்று கூப்பிடவில்லை.

விசாரணை அந்த வாரமே முடிந்தது. விபத்துக்குக் காரணம் ஆபரேட்டரின் கவனக்குறைவு, அதோடு பொய்ச் சாட்சி தயாரித்த குற்றம். நான் வாய் திறக்காமல் இருந்திருந்தால் முதல் குற்றம் மட்டும் இருந்திருக்கும். கிளியைப் பேசவைத்து இரண்டாவதையும் வாங்கிக்கொடுத்தேன். ஏப்ரலில் எனக்குப் பெர்மனன்ட் லெட்டர் வந்தது. ஊரில் அம்மா கோயிலில் பொங்கல் வைத்தாள்.

விழா முடிந்த மூன்றாம் நாள் வனத்துறை ஆட்கள் வந்தார்கள். பச்சைக்கிளி வளர்ப்பது சட்டப்படி குற்றம் என்று அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. யாரோ போன் செய்திருந்தார்கள். கூண்டை எடுத்து ஜீப்பில் வைத்தார்கள். வந்தவர்களில் ஒருவர், "இத்தனை நாள் யாரும் கம்ப்ளெய்ன்ட் பண்ணலையாம்மா?" என்று இழுத்து நிறுத்தினார். "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றது கிளி. சவரியம்மாள் வராந்தாவில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். என்னைத் திட்டவில்லை. "என் வாய்ல வந்தத சொல்லிகினு மூணு வர்சம் இருந்துச்சு. உன் வாய்ல வந்தத ஒரே ஒரு வாட்டி சொல்லிச்சு, போய்டுச்சு" என்றார்.

இசக்கிதுரை கிளம்பியது அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். விழாவிலிருந்து அன்றுவரை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பையின் ஜிப் பிய்ந்திருந்ததால் கயிறு போட்டுக் கட்ட வேண்டும். ஒரு கையால் முடியவில்லை. பல்லால் கடித்துப் பார்த்தான். நான் போய் உட்கார்ந்து கட்டினேன். அவன் தடுக்கவில்லை. இரண்டு முடிச்சுப் போட்டேன். முடிந்த மட்டும் இறுக்கினேன்.

"ஏல" என்றான்.

நிமிர்ந்து பார்த்தேன். கோபமாகத்தான் இருப்பான் என்று நினைத்தேன். கோபம் இல்லை. சின்னப் பிள்ளைகள் எதையாவது கேட்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டிருந்தான்.

"இனிமே ஒண்ணும் ஆகப்போறதில்ல. வேலையும் கெடைக்காது, வெரலும் வராது. எங்க அம்மாகூட, நீயாத்தான் கைய விட்டியோன்னு கேக்குறா. எனக்கே சந்தேகமா இருக்குல, அவரு சொன்னாரா, இல்ல நானாத்தான் நெனச்சிக்கிட்டனான்னு. இங்க நம்ம ரெண்டு பேருதான் இருக்கோம். எனக்காவ ஒரே ஒரு தடவ சொல்லு. அவரு சொன்னாரா இல்லியா?"

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். சத்தியமாக. ஆனால் அதற்கு முன்னால் என் கண் தன்பாட்டுக்கு வாசல் பக்கம் போய், வராந்தாவில் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டு வந்தது.

அதை இசக்கிதுரை பார்த்துவிட்டான். பையை இடது கையில் எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவுக்கு நடந்தான். யாரும் இல்லாத அந்த ரூமில் நான், "சொன்னாரு, சொன்னாருல" என்று சொன்னேன்.